தண்ணீர் கேட்டவர்



மதுரைப் பக்கம் யாரைப் பார்த்தாலும் நாம் முதலில் கேட்பது 'சாப்பிட்டாச்சா?' என்பதுதான். காலை பத்து மணிக்கும் கேட்போம், மாலை நான்கு மணிக்கும் கேட்போம். பதில் வருவதற்குள் பாதிப் பேர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்போம். நானும் அப்படித்தான். சென்ற மாதம் ஓர் அன்பியக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் வழக்கம்போல 'சாப்பிட்டாச்சா பாட்டி?' என்றேன். 'இல்ல சாமி' என்றார். 'நல்லது, நல்லது' என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். தெருமுனை வந்த பிறகுதான் அவர் சொன்னது என் மண்டையில் ஏறியது. வெட்கத்தோடு திரும்பிப் போனேன். 'மகன் வேலைக்குப் போயி வரணும், வந்ததும் சேர்ந்து சாப்பிடுவேன்' என்றார். பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஆனால் அன்று முழுவதும் எனக்கு ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாளில் எத்தனை பேரிடம் இப்படிப் பதில் தேவைப்படாத கேள்விகளைக் கேட்டுவிட்டு நகர்கிறேன்?

உண்மையான உரையாடல் என்றால் என்ன என்பதைப் பற்றி வானொலியில் பேசும்படி கேட்டிருந்தார்கள். அங்கே கிடைத்த சில நிமிடங்களில் சொன்னதை, நம் பங்கு மடலுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் மொழியில் 'கேள்' என்ற ஒரே சொல் பல வேலைகள் பார்க்கிறது. வினா எழுப்புவதும் கேட்பதுதான், காதுகொடுப்பதும் கேட்பதுதான். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்குப் பிறகு 42ஆவது அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். அது வினாக்களைப் பற்றிய அதிகாரம் அல்ல, செவிகொடுத்தலைப் பற்றியது. பழந்தமிழில் 'கேள்' என்றால் உறவு என்றும் பொருள், 'கேளிர்' என்றால் சுற்றத்தார். இன்னொரு பொருளும் உண்டு. 'பக்கத்து வீட்டில் கொஞ்சம் உப்பு கேட்டேன்' என்கிறோமே, தன்னிடம் இல்லாததை அடுத்தவரிடம் வேண்டுவது. இந்தக் கடைசிப் பொருளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் திரும்பி வருவேன்.

குருமடத்தில் மெய்யியல் படித்த நாள்களில் மார்ட்டின் பூபர் என்ற யூதச் சிந்தனையாளரைப் பாடமாகப் படித்தோம். 1878இல் வியன்னாவில் பிறந்து, 1965இல் எருசலேமில் இறந்தவர். 1923இல் 'நானும் நீயும்' என்ற சிறிய நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். தேர்வில் அதைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். கொஞ்சமாவது புரிந்தது பங்குத்தந்தையாகி வெகுகாலம் கழித்துத்தான்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். மனிதன் இரண்டு விதமாக உலகத்தின் முன் நிற்கிறான். ஒன்று, 'நான் – அது'. எதிரில் இருப்பதை அளக்கிறேன், பயன்படுத்துகிறேன், வகைப்படுத்துகிறேன். மற்றொன்று, 'நான் – நீ'. எதிரில் இருப்பவரை முழுவதுமாகச் சந்திக்கிறேன், அந்தச் சந்திப்பில் நானும் மாறுகிறேன். இதில் முதலாவது பாவம், இரண்டாவது புண்ணியம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவர் நம் கண்ணைக் கண்ணாகப் பார்த்தால்தான் புரை எங்கே என்று தெரியும். நடத்துநர் ஒவ்வொரு பயணியிடமும் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டிருந்தால் பேருந்து மாட்டுத்தாவணியை விட்டே நகராது. 'அது' இல்லாமல் பிழைப்பு நடக்காது. ஆனால் வாழ்க்கை முழுவதும் 'அது'வாகவே போய்விட்டால், நாம் மனிதரோடு வாழவில்லை என்பதுதான் பூபரின் கவலை. ஒன்று கவனித்தீர்களா? செபத்தில் 'நீர்' என்கிறோம், பாட்டில் 'நீ' என்கிறோம். கடவுளோடு பேசும்போது யாரும் அவரை 'அவர்' என்பதில்லை.

பேச்சிலும் பூபர் வேறுபாடு காட்டுகிறார். உண்மையான உரையாடல் ஒன்று. தகவலுக்கான பேச்சு இன்னொன்று. வங்கியில், ரேஷன் கடையில், ஸ்டேஷன் கவுண்டரில் நடப்பது அது. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, உரையாடல் வேடம் போட்ட தனிப்பேச்சு. இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார். நம் பங்குப் பேரவைக் கூட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறீர்கள். நடத்துவது நான்தான் என்பதால் பழியை வேறு யார் மேலும் போடுவதற்கில்லை.

இந்தச் சிந்தனை பூபருக்கு நூலகத்தில் பிறந்தது அல்ல. அவருக்கு மூன்று வயதாகும்போது பெற்றோர் பிரிந்தார்கள். தாய் போய்விட்டார். தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தான் சிறுவன். அம்மா எப்போது வருவார் என்று யாரும் அவனிடம் பேசவில்லை, அவனுக்கும் கேட்கத் துணிவில்லை. ஒருநாள், அவனைப் பார்த்துக்கொண்ட சற்று வயதில் மூத்த சிறுமி ஒருத்தி, உன் அம்மா இனி வரவே மாட்டார் என்று சொல்லிவிட்டாள். அது உண்மைதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மனிதருக்கிடையே நடந்திருக்க வேண்டிய சந்திப்பு நடக்காமல் போவதற்குப் பின்னாளில் அவர் தாமே ஒரு ஜெர்மன் சொல்லை உருவாக்கினார். தமிழில் 'தவறிய சந்திப்பு' எனலாம். உரையாடலைப் பற்றித் தாம் அறிந்ததெல்லாம் அந்த நாளில் தொடங்கியது என்று முதுமையில் எழுதினார்.

இன்னொரு நிகழ்ச்சியையும் அவரே பதிவு செய்திருக்கிறார். 1914ஆம் ஆண்டு. காலை முழுவதும் ஆழ்ந்த தியானப் பரவசத்தில் இருந்துவிட்டு எழுந்திருக்கிறார். முன்பின் தெரியாத ஓர் இளைஞர் பார்க்க வருகிறார். பூபர் அன்பாகத்தான் பேசினார், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த இளைஞர் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை மட்டும் அவர் கவனிக்கவில்லை. மனம் இன்னும் காலைப் பரவசத்திலேயே இருந்தது. சில காலம் கழித்து, அந்த இளைஞர் முதல் உலகப் போரின் களத்தில் இறந்துவிட்டதை அவருடைய நண்பர் ஒருவர் மூலம் அறிந்தார். அரட்டைக்காக வந்தவர் அல்ல, வாழ்வில் ஏதோ ஒரு முடிவெடுக்கத் துணை தேடி வந்தவர் என்று அப்போதுதான் பூபருக்கு விளங்கியது. அன்றாட வாழ்விலிருந்து விலகிய பக்திப் பரவசத்தை அதற்குப் பிறகு அவர் தேடவில்லை. கடவுள் தம்மிடம் பேசுவது கதவைத் தட்டும் மனிதர் வழியாகத்தான் என்ற முடிவுக்கு வந்தார். நாள்தோறும் பங்கு அலுவலகத்தில் உட்காரும் எனக்கு இந்த நிகழ்ச்சி தொண்டையில் சிக்கிய முள்போல.

நம் திருச்சபையைச் சேர்ந்த காபிரியேல் மார்செல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளருக்கும் இதே போரில் ஒரு பாடம் கிடைத்தது. காணாமற்போன படைவீரர்களைப் பற்றி அவர்கள் குடும்பத்தாருக்குத் தகவல் தரும் செஞ்சிலுவைச் சங்கப் பணியில் இருந்தார். கையில் இருந்ததெல்லாம் அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு பெயர். ஆனால் விசாரிக்க வந்த தாய்மாரும் மனைவியரும் முன்னால் நின்றபோது, அந்த அட்டை ஒவ்வொன்றும் ஆளாகிவிட்டது. நம் அலுவலகத்திலும் குடும்ப அட்டை இருக்கிறது, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, கல்யாண ஓலை எழுதும் புத்தகம் இருக்கிறது. அவற்றைத் திறக்கும்போது எனக்கு மார்செலின் அட்டைகள் நினைவுக்கு வரும். சில நாள் வரும், சில நாள் வராது.

இத்தனை தூரம் ஐரோப்பாவில் சுற்றினோம். உரையாடலைப் பற்றிப் பேச நம் மதுரையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

1606 நவம்பரில் இராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இளம் துறவி மதுரைக்கு வந்து சேர்ந்தார். இயேசு சபையினர், வயது 29. நாயக்கர்கள் ஆண்ட காலம். இங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசிய இயேசு சபை அடிகளார் இருந்தார். வயதில் மூத்தவர், துறவியாகும் முன் போர்வீரர். பத்து ஆண்டுகளுக்கு மேலாக மதுரையில் தங்கி, முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்துக்காக வந்துபோன பரதவ கிறிஸ்தவர்களுக்கு மேய்ப்பராக இருந்தார். பள்ளி நடத்தினார், நோயாளிகளைக் கவனித்தார். நல்ல மனிதர். ஆனால் மதுரை மக்களில் ஏறக்குறைய யாரும் அவரைத் தேடி வரவில்லை. காரணம் அன்று வழங்கிய ஒரு சொல்லில் இருந்தது. கிறிஸ்தவராகும் ஒருவரிடம், 'பரங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா?' என்று கேட்கும் வழக்கம் இருந்தது. கேட்பவர் நினைத்த பொருள் ஒன்று, கேட்டவர் காதில் விழுந்த பொருள் வேறு. உன் மக்களை, உன் உணவை, உன் மொழியை விட்டுவிட்டு வெளிநாட்டானாக மாறுகிறாயா என்றுதான் ஊரார் அதைப் புரிந்துகொண்டார்கள்.

நொபிலி முதலில் போதிக்கவில்லை. மாணவரானார். பெர்னாண்டஸ் அடிகளாரின் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த இந்து ஆசிரியரிடம் தமிழ் படித்தார். அந்த ஆசிரியரோடுதான் அவருடைய முதல் பெரிய உரையாடல் நடந்தது. கடவுள், ஆன்மா, மறுபிறப்பு என்று இருபது நாள்கள், நாளுக்கு நான்கைந்து மணி நேரம் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். இருபது நாள்கள்! நாம் ஒருவரோடு இருபது நிமிடம் தொடர்ந்து பேசி எத்தனை நாளாகிறது? அதன் முடிவில் அந்த ஆசிரியர் திருமுழுக்குப் பெற்றார். ஆனால் மாறியவர் அவர் மட்டும் அல்லர். நொபிலியும் மாறினார். தனி வீடு பார்த்துக்கொண்டார். காவி உடுத்தார், புலால் விட்டார். சிவதர்மர் என்ற பிராமண அறிஞரிடம் வடமொழி கற்றார். வேற்று நாட்டவருக்கு வேத நூல்களைக் கற்றுக்கொடுப்பது அன்று அந்த ஆசிரியருக்கே ஆபத்தான காரியம். அந்த நட்பு அந்த ஆபத்தையும் தாங்கியது. பிற்காலத்தில் நொபிலி 'தத்துவ போதகர்' என்று அழைக்கப்பட்டார். கோவில், பூசை, அருள், குரு என்று இன்று நம் வாயில் இயல்பாக வரும் சொற்கள் கிறிஸ்தவ வழக்கில் ஊன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுவதுதான் நம் வழக்கம். விழா மேடைகளில் நானும் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அதே ஊரில், பழைய வீட்டில், பெர்னாண்டஸ் அடிகளார் இருந்தார். ஒரே சபை, ஒரே வார்த்தைப்பாடு. புதிதாக வந்த இளையவர் பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டு தனிச் சமையலில் சாப்பிடுகிறார். தம்மோடு வெளிப்படையாகப் பழகுவதில்லை. தம் பராமரிப்பில் இருந்த பரதவ மக்களோடும் சேர்வதில்லை. முதியவருக்கு வலிக்காதா? 1610இல் மேலதிகாரிகளுக்கு நீண்ட புகார்க் கடிதம் எழுதினார். நொபிலி இலத்தீனில் அதைவிட நீண்ட மறுமொழி எழுதினார். ஒரே ஊரில் இருந்த இருவரின் வழக்கு கொச்சி, கோவா, லிஸ்பன், உரோமை என்று கப்பலேறிச் சுற்றியது. நொபிலியின் உறவினரான கர்தினால் பெல்லார்மின், முதலில் வதந்தியைக் கேட்டு மனம் நொந்தார். விளக்கத்தைக் கேட்ட பிறகு ஆதரவாளரானார். 1619இல் கோவாவில் பெரிய கூட்டம் நடந்தது. இறுதியில் 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தம் ஆணையின் வழியாக நொபிலியின் முறைக்கு இசைவு தந்தார்.

வழக்கில் வென்றவர் நொபிலி. வரலாறும் அவர் பக்கம் நின்றது, நியாயமாகவே. ஆனால் எனக்கு இந்த வயதில் பெர்னாண்டஸ் அடிகளாரைத்தான் அதிகம் நினைக்கத் தோன்றுகிறது. இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிச்சயம் பேசியிருப்பார்கள். ஆனால் பள்ளி ஆசிரியருக்குக் கிடைத்த இருபது நாள்கள் பெர்னாண்டசுக்குக் கிடைத்ததாக எங்கும் காணோம். பெர்னாண்டசும் அந்த இளைஞரிடம், 'நீ கண்டது என்ன, எனக்கும் சொல்' என்று உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. ஏன்? என் எண்ணம் இது. நொபிலிக்கு ஆசிரியரிடமிருந்து தேவைப்பட்டது ஒன்று இருந்தது. மொழி. அதைக் கேட்டுத்தான் அவர் முன் போய் உட்கார்ந்தார். பெர்னாண்டசிடம் அவருக்குக் கேட்டுப் பெற ஒன்றும் இல்லை. பெர்னாண்டசுக்கும் இவரிடம் பெறுவதற்கு ஒன்றுமில்லை. தனக்கு வேண்டியதெல்லாம் தன்னிடம் இருக்கிறது என்று நினைக்கும் இருவருக்கு இடையே விவாதம் நடக்கும், கடிதப் போக்குவரத்து நடக்கும். உரையாடல் நடக்காது.

நற்செய்தியில் யாக்கோபின் கிணற்றருகே நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரம். நண்பகல் வெயில். இயேசு களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். சமாரியப் பெண் குடத்தோடு வருகிறார். அவரிடம் சொல்வதற்கு இயேசுவிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் தொடங்கியது போதனையில் அல்ல. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தாகம். இறைக்க வாளியும் இல்லை. அந்தப் பெண் ஏன் திகைத்தார்? யூதர் சமாரியரோடு ஒரே பாத்திரத்தில் புழங்க மாட்டார்கள். அவர் குடத்திலிருந்து வாங்கிக் குடிக்க ஒரு யூதர் கைநீட்டுகிறார். இஸ்ரயேலில் நடந்த சம்பவம் என்று நினைத்துப் படித்தால் இதன் கூர்மை நமக்கு உறைக்காது. டீக்கடையில் இரண்டு வகை தம்ளர் தொங்கிய ஊர்களைப் பார்த்தவர்களுக்கு உறைக்கும்.

எனக்கு உறைத்தது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். குருவான சில ஆண்டுகளில், மதுரைக்கு மேற்கே மானாவாரிக் காட்டு நிலம் சூழ்ந்த ஒரு கிராமப் பங்கில் இருந்தேன். ஊரில் இரண்டு தெரு. வீடு சந்திக்கப் போகும்போது மேலத் தெருவில் மோர் தருவார்கள், எவர்சில்வர் செம்பில். கீழத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும், சின்னப் பையன் ஒருவன் கடைக்கு ஓடி, மூடி திறக்காத கலர் பாட்டில் ஒன்றை வாங்கிவந்து என் முன்னாலேயே உடைத்துத் தருவான். அன்பான உபசரிப்பு என்று நினைத்து இரண்டு ஆண்டுகள் அதைக் குடித்தேன். ஏழைகள், தினக்கூலிகள். எனக்காக எவ்வளவு செலவழித்திருப்பார்கள் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. ஒருநாள் கடை அடைத்திருந்தது. வீட்டுக்கார அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். 'தண்ணி குடுங்கம்மா, போதும்' என்றேன். அவர் அசையவில்லை. பிறகு மெதுவாக, 'எங்க பானைத் தண்ணி குடிப்பீகளா சாமி?' என்றார். இரண்டு ஆண்டுகள் என்னுடைய கையிலிருந்து நற்கருணை பெற வாய் திறந்தவர் என்றுதான் நான் அவரை அறிந்திருந்தேன். அவர் என்னை என்னவாக அறிந்திருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் அந்தத் தெருவில் என்னோடு மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். கல்லறையைப் பற்றி, திருவிழா வரியைப் பற்றி, சப்பரம் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பதைப் பற்றி. கேட்கக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நொபிலியின் உரையாடலில் இருந்த ஊனமும் இதுதான் என்று அவர்மேல் உள்ள மதிப்போடு சொல்ல வேண்டும். சாதிப் பிரிவினையை அவர் சமூக வழக்கம் என்று கருதி விட்டுவிட்டார். 1640 முதல் ஒடுக்கப்பட்டோர் நடுவில் பணியாற்றப் பண்டாரசுவாமிகள் என்று தனிப் பிரிவினர் ஏற்படுத்தப்பட்டார்கள். இரண்டு விதக் குரு, இரண்டு விதப் புழக்கம். அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததா என்று அறிஞர்கள் வாதிடட்டும். 2003 நவம்பரில் புனித இரண்டாம் யோவான் பவுல், உரோமைக்குச் சென்ற சென்னை-மயிலாப்பூர், மதுரை, புதுச்சேரி-கடலூர் ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்குள் சாதி அடிப்படையில் நிலவும் பிரிவினையைக் களையும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். நானூறு ஆண்டுகள் கழித்தும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

உரையாடல் என்ற சொல்லைத் திருச்சபையின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் புனித ஆறாம் பவுல். 1964 ஆகஸ்ட் 6 அன்று வெளியிட்ட தம் முதல் சுற்றுமடலில், உரையாடலுக்குத் தெளிவு, சாந்தம், நம்பிக்கை, விவேகம் ஆகிய நான்கும் வேண்டும் என்று விளக்கினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022இன் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு இதயத்தின் காதால் கேட்பதையே கருப்பொருளாக வைத்தார். இவற்றையெல்லாம் வாசித்துப் பாருங்கள். ஆனால் உங்களுக்கு இன்று மாலையே தேவைப்படும் இடம் உங்கள் வீடுதான்.

குடும்பங்கள் என்னிடம் வரும்போது அடிக்கடி கேட்கும் வாக்கியம், 'அவரைப் பத்தி எனக்குத் தெரியாததா சாமி?' என்பது. முப்பது ஆண்டு இல்லறம். தெரியும் என்று முடிவு கட்டிவிட்டால் கேட்பதற்கு என்ன இருக்கிறது? நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். வீட்டில் வாயே திறப்பதில்லை என்று அம்மாவின் முறையீடு. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'அம்மா, இவர் மில்லுல என்ன வேலை பார்த்தாருன்னு தெரியுமா?' என்று கேட்டேன். 'மெஷின்ல' என்றார். எந்த மெஷின் என்று தெரியவில்லை. 'கேட்டுப் பாருங்களேன்' என்றேன். ஒப்புக்குத்தான் கேட்டார். அவர் பேச ஆரம்பித்தார். ஓடும் கதிர்களுக்கு நடுவே நூல் அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் எப்படி ஒட்டுவது, பஞ்சுத் தூசி எப்படித் தொண்டையில் படியும், இராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க என்ன செய்வார்கள் என்று ஒரு மணி நேரம். அம்மா இடையில் ஒரு தடவை, 'அதான் அப்பல்லாம் இருமிக்கிட்டே இருந்தீகளா?' என்றார். எனக்குத் திருப்பலிக்கு நேரமாகிவிட்டது. அவர்களை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போனேன். அவர்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதமும் வந்தார்கள், வேறு ஒரு சண்டையோடு.

கைப்பேசியைப் பற்றி நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கே தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு நாற்பது வாழ்த்துகள் வருகின்றன, நானும் இருபது பேருக்கு அனுப்புகிறேன். எனவே அதை விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. பூபரைத் தேடிவந்த இளைஞரைப் பற்றிச் சொன்னபோது முள் என்றேன். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பங்கில் இருந்தேன். திருவிழாக் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள். உபயதாரர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி வந்தான், 20 வயது இருக்கும். வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றான். எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவன் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'சாமி, நீங்க எப்ப சும்மா இருப்பீங்க?' என்றான். 'திருவிழா முடியட்டும் தம்பி' என்றேன், பட்டியலிலிருந்து கண்ணெடுக்காமல். சரி என்று போனான்.

திருவிழா முடிவதற்குள் அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். திருப்பூரில் இருக்கிறான் என்றார்கள். தேடிப் போனால் அங்கே இல்லை. இதுவரை தகவல் இல்லை. அவன் ஒழுக்கமானவன் என்று நான் எழுதிய கடிதத்தின் நகல் அந்தப் பங்கின் கோப்பில் இருக்கும்.

அவன் தாய், நான் மாற்றலாகி வந்த பிறகும், முதல் வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேருந்து மாறி இங்கே வருவார். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: 'அன்னைக்கு அவன் உங்ககிட்ட என்னதான் சாமி சொன்னான்?' கடவுள் பார்த்துக்கொள்வார், செபியுங்கள் என்று ஏதேதோ சொல்லி அனுப்பினேன். ஒருநாள் உள்ளதைச் சொன்னேன். 'சொல்ல வந்தான்மா. நான் கேக்கல.' அழுதார். எழுந்து போய்விடுவார், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் வந்தார். 'எனக்கு அவனைத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்' என்றேன். அன்றிலிருந்து அவர் பேசுகிறார், நான் கேட்கிறேன். கத்தரிக்காய் என்றால் ஒதுக்கிவைப்பான், கண்மாயில் நீச்சல் அடிப்பான், அப்பாவோடு அவனுக்கு என்றைக்குமே ஆகவில்லை, தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றால் தூங்கமாட்டான்.

போன முதல் வெள்ளி பேசி முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'சாமி, சாப்பிட்டாச்சா?' என்றார். மணி பதினொன்றாகியிருந்தது. இல்லை என்றேன். மஞ்சள் பையிலிருந்து, வழியில் சாப்பிடக் கட்டிக்கொண்டு வந்திருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்துவைத்தார்.